உள்ளே வரியா, வெளியே வரியா? பழைய என்.எஸ்.எஸ். கணக்கும் வியாபாரியின் முதுமைக்காலச் சேமிப்பும்

ஐம்பது வயதைக் கடந்த உறுப்பினர்கள் தங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அப்பா காலத்துப் பத்திரங்களுக்கு அடியில் பழுப்பேறிய தபால் ஆபீஸ் பாஸ்புக் ஏதாவது கிடக்கிறதா? அதில் 'தேசிய சேமிப்புத் திட்டம் 1987' என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

அந்தக் கணக்கில் உள்ள பணத்துக்கு 2024 அக்டோபர் 1 முதல் ஒரு பைசா வட்டி கிடையாது. அதே சமயம், 2024 ஆகஸ்ட் 29 அன்றும் அதற்குப் பிறகும் அதிலிருந்து எடுக்கும் பணத்துக்கு வருமான வரியும் கிடையாது. வட்டி நின்றுபோனது பலருக்குத் தெரியாது. வரி நீங்கியது அதைவிடக் குறைவான பேருக்கே தெரியும். வரி கட்ட வேண்டுமே என்று பயந்து முப்பது வருடமாக அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பவர்கள் இன்றும் தொடாமலே இருந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

இது ஒரு பழைய கணக்கின் கதை மட்டுமல்ல. முதுமைக்காலத்துக்கென்று சேர்க்கும் பணத்துக்கு வரியை எப்போது கட்டுவது லாபம் என்பதை இந்தக் கணக்கை வைத்தே நன்றாகப் புரிந்துகொள்ளலாம். பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் எதுவும் இல்லாத நம் போன்ற வியாபாரிகளுக்கு இந்தக் கேள்வி சம்பளக்காரர்களைவிட முக்கியமானது.

ஒருமுனை வரி போலத்தான்

விற்பனை வரிக் காலத்தில் கடை நடத்தியவர்களுக்கு 'ஒருமுனை வரி' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு சரக்கு எத்தனை கை மாறினாலும் ஏதாவது ஒரு முனையில் ஒரே தடவைதான் வரி. சில சரக்குகளுக்கு முதல் விற்பனையில் விழும். சிலவற்றுக்குக் கடைசி விற்பனையில் விழும். எந்த முனையில் விழுகிறது என்பதைப் பொறுத்து யார் முதல் முடங்கும், யார் லாபம் குறையும் என்பது மாறும்.

சேமிப்புக் கணக்குக்கும் இரண்டு முனைகள் உண்டு. பணம் உள்ளே போகிற முனை ஒன்று. பணம் வெளியே வருகிற முனை இன்னொன்று.

முதல் வகைக் கணக்கில், உள்ளே போடும் தொகையை அந்த வருட வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அப்போது வரி இல்லை. ஆனால் வெளியே எடுக்கும்போது அசலும் வட்டியும் சேர்ந்து அந்த வருடத்து வருமானமாகிவிடும். இரண்டாவது வகையில், வரி கட்டிய பணத்தைப் போடுகிறோம். எடுக்கும்போது முழுவதும் நம்முடையது. இவை இரண்டையும் தவிர, உள்ளேயும் வரி இல்லை, வெளியேயும் வரி இல்லை என்ற மூன்றாவது வகையும் நம் நாட்டில் உண்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குப் பொது சேமநல நிதி, அதாவது பி.பி.எஃப்., அப்படிப்பட்டது.

1987இல் வந்த என்.எஸ்.எஸ். முதல் வகையைச் சேர்ந்தது. அதுதான் பிற்பாடு சிக்கலாகவும் ஆனது.

1987 திட்டம் ஏன் இழுத்தது, ஏன் சிக்கவைத்தது?

பிரெஞ்சு ஆட்சி நீங்கி, இந்திய வருமான வரிச் சட்டம் 1963 ஏப்ரல் 1 முதல் நம் பகுதிக்கும் வந்தது. அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1987இல், மத்திய அரசு தேசிய சேமிப்புத் திட்டத்தைத் தபால் நிலையங்கள் மூலம் தொடங்கியது. வட்டி 11 சதவிகிதம். வருமான வரிச் சட்டத்தின் 80சி.சி.ஏ. பிரிவின்படி, போட்ட தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கழிவுக்கு உரிய வரம்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயில் தொடங்கிப் பிற்பாடு 40,000 வரை உயர்ந்தது.

அந்தக் காலத்தில் வருமான வரி விகிதங்கள் இன்றைக்கு இருப்பதைவிட மிக அதிகம். ஓரளவு லாபம் காட்டிய மளிகை மொத்த வியாபாரிக்குக்கூட வரி கடித்தது. மார்ச் மாதக் கடைசியில் ஆடிட்டர் சொன்னவுடன் ஓடிப்போய் என்.எஸ்.எஸ்.ஸில் பணம் கட்டியவர்கள் பெரிய மார்க்கெட்டிலும் நேரு வீதியிலும் ஏராளம். அன்றைய கணக்குக்கு அது சரியான முடிவுதான்.

1992 ஏப்ரல் 1 முதல் போடும் பணத்துக்கு அந்தக் கழிவு நின்றது. அந்த ஆண்டு அக்டோபரில் வேறு சலுகையோடு வேறொரு சேமிப்புத் திட்டம் வந்தது. அது தனிக் கதை. 1987 கணக்கில் ஏற்கனவே இருந்த பணம் மட்டும் வட்டியோடு வளர்ந்துகொண்டே இருந்தது. வட்டி விகிதம் படிப்படியாக இறங்கி 7.5 சதவிகிதத்தில் நின்றது. அப்படியும் இருபது, முப்பது வருடத்தில் போட்ட பணம் பல மடங்கானது.

சிக்கல் அங்கேதான். வெளியே எடுத்தால் கழிவு பெற்ற அசலும் வட்டியும் அந்த ஒரே வருடத்து வருமானமாகச் சேரும். 80,000 ரூபாய் போட்டு 6 லட்சமாக வளர்ந்திருந்தால், கடை லாபத்தின் மேல் இந்த 6 லட்சமும் ஏறி உட்காரும். மேல்படி வரி விகிதத்துக்குத் தள்ளிவிடும். தபால் நிலையமே 10 சதவிகிதம் வரிப் பிடித்தம் செய்துதான் கொடுக்கும். ஆகவே, 'இந்த வருடம் வேண்டாம், வியாபாரம் குறைகிற வருடத்தில் எடுப்போம்' என்று தள்ளிப்போட்டார்கள். வியாபாரம் குறையவில்லை, வயதுதான் ஏறியது. கணக்கு வைத்திருந்தவர் காலமாகிப் பாஸ்புக் மட்டும் மகன் கைக்கு வந்த குடும்பங்களும் உண்டு.

சாமர்த்தியமாகச் செய்தவர்களும் இருந்தார்கள். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, தனக்கு வருமானம் குறைந்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, குறைந்த விகிதத்தில் வரி கட்டி, மிச்சத்தை வரியில்லாத பி.பி.எஃப்.பில் போட்டார்கள். வெளிமுனையில் வரி உள்ள கணக்கை வரியில்லாத கணக்காக மாற்றும் வேலையைச் சட்டத்தில் அதற்கென்று ஒரு வழி இல்லாமலே இவர்கள் தாங்களாகச் செய்துகொண்டார்கள்.

2024இலும் 2025இலும் என்ன மாறியது?

மத்திய நிதி அமைச்சகம் 2024இல் இந்தப் பழைய கணக்குகளுக்கு வட்டியை நிறுத்தியது. 2024 செப்டம்பர் 30 வரைதான் வட்டி. அக்டோபர் 1 முதல் பூஜ்யம்.

வட்டியை நிறுத்திவிட்டு, எடுத்தால் வரியும் கேட்பது நியாயமில்லை என்ற குரல் எழுந்தது. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட்டில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் இதற்குத் தீர்வு அறிவித்தார். மூத்த குடிமக்கள் பலரிடம் இந்தப் பழைய கணக்குகள் இருப்பதையும் வட்டி நின்றுவிட்டதையும் குறிப்பிட்டு, 2024 ஆகஸ்ட் 29 முதல் தனிநபர்கள் எடுக்கும் தொகைக்கு வரி விலக்கு தருவதாகச் சொன்னார். 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் அது இடம்பெற்றது. 2025 ஏப்ரல் மாதம் வந்த அறிவிக்கையின் மூலம் வரிப் பிடித்தமும் நீங்கியது.

உள்ளே போடும்போது கழிவும் பெற்றாயிற்று. வெளியே எடுக்கும்போது வரியும் இல்லை. இத்தனை வருடம் காத்திருந்ததற்கு இது எதிர்பாராத லாபம். ஆனால் பணம் எடுத்தால்தான் லாபம்.

வியாபாரக் கணக்கில் பார்ப்போம். 6 லட்சம் ரூபாய் அந்தக் கணக்கில் சும்மா கிடக்கிறது. 7 சதவிகிதம் தரக்கூடிய இடத்தில் அதைப் போட்டிருந்தால் வருடத்துக்கு 42,000 ரூபாய். நாளொன்றுக்கு 115 ரூபாய். ஒரு மூட்டை சர்க்கரையில் நமக்கு நிற்கிற லாபம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். தினமும் 115 ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கடலில் போடுகிறோமா? பாஸ்புக்கை அலமாரியில் வைத்திருப்பவர் அதைத்தான் செய்கிறார்.

எடுப்பது எப்படி?

கணக்கு எந்தத் தபால் நிலையத்தில் இருக்கிறது என்பதைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பாருங்கள். தெளிவாக இல்லாவிட்டால் ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையத்தில் காட்டி விசாரியுங்கள். பாஸ்புக், ஆதார், பான் கார்டு, போட்டோ ஆகியவற்றோடு போக வேண்டும். பழைய கணக்கு என்பதால் கையெழுத்து ஒத்துப்போகாமல் இருக்கலாம். பெயரின் எழுத்துகளோ இனிஷியலோ ஆதாரோடு மாறுபடலாம். முதல் நாளே பணம் கைக்கு வரும் என்று எண்ணாமல், இரண்டு மூன்று நடை ஆகும் என்று நினைத்துப் போவது நல்லது. பணம் வரவாக ஒரு சேமிப்புக் கணக்கும் தயாராக இருக்கட்டும்.

கணக்குக்கு உரியவர் காலமாகியிருந்தால், நியமனதாரர் இறப்புச் சான்றிதழோடு உரிமை கோரலாம். நியமனம் எதுவும் இல்லையென்றாலும் கவலைப்பட வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகையை, உரிய பிரமாணப் பத்திரமும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் பொறுப்பேற்பு உறுதிமொழியும் கொடுத்து, கோர்ட் வாரிசுரிமைச் சான்று இல்லாமலே பெற விதி இருக்கிறது. இறந்து ஆறு மாதம் கழித்து இதற்கு மனு கொடுக்கலாம். அதற்கு மேற்பட்ட தொகைக்குக் கோர்ட் சான்று தேவைப்படும்.

2024 ஆகஸ்ட் 29க்குப் பிறகு எடுத்தவர்களில் சிலருக்கு 10 சதவிகிதம் பிடித்துக்கொண்டு கொடுத்திருக்கலாம். அந்தப் பிடித்தத்தை ரிட்டர்ன் மூலம் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டிருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு போட வழி உண்டா என்று உடனே ஆடிட்டரிடம் கேளுங்கள். இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. எண்ணைச் சொல்லிக் குழம்பாமல், 'தேசிய சேமிப்புத் திட்டம் 1987' என்று திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

எடுத்த பணத்தை எங்கே வைப்பது?

கையில் வந்தவுடன் அந்தப் பணத்தைச் சரக்கில் போட்டுவிடத் தோன்றும். நம் கை அப்படி. ஆனால் இது முதுமைக்கென்று ஒதுக்கிய பணம். கொள்முதலில் கலந்துவிட்டால் திரும்பி வராது.

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பொருத்தமானது. 2025-26 நிதி ஆண்டில் அதன் வட்டி 8.2 சதவிகிதம், 2023 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய். 6 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாய் வரும். இந்த வட்டி வருமானமாகக் கணக்கிடப்படும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வேறு வருமானம் குறைவாக உள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரி வராது.

நடுவயதில் உள்ள மகனோ மகளோ இருந்தால், பெரியவர் அவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாம். பெற்றோர் பிள்ளைகளுக்குத் தரும் பரிசுக்கு வரி இல்லை. அவர்கள் அதைத் தங்கள் பி.பி.எஃப். கணக்கில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய்க்குள் போட்டுவரலாம். 6 லட்சத்தை நான்கு நிதி ஆண்டுகளில் உள்ளே கொண்டுபோய்விடலாம். காகிதத்தில் ஒரு வரி பரிசுக் கடிதம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பி.பி.எஃப்.: வியாபாரிக்கு ஏன் பொருந்தும்?

பி.பி.எஃப். 1968இல் வந்தது. சொந்தத் தொழில் செய்வோருக்கும் ஒரு சேமநல நிதி வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1,50,000. காலம் 15 வருடம். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். வட்டி 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவிகிதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அதைப் பரிசீலிக்கிறது. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நமக்கு முக்கியமான இன்னொரு விஷயம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு டிகிரி வாங்கினாலும், கோர்ட் உத்தரவால் பி.பி.எஃப். பணத்தை ஜப்தி செய்ய முடியாது. அரசுக்குத் தர வேண்டிய வரிப் பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. தனியார் கடனுக்குப் பொருந்தும். ஒரு பார்ட்டி கைவிரித்து, ஒரு மண்டி மூழ்கி, கடை சாத்தும் நிலை வந்தாலும் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பிடிமானம் மிஞ்சும். நம் தொழிலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் கணக்கைக் கூட்டுக் குடும்பத்தின் பெயரிலோ பார்ட்னர்ஷிப் பெயரிலோ திறக்க முடியாது. 2005 மே 13 முதல் கூட்டுக் குடும்பத்துக்குப் புதுக் கணக்கு கிடையாது. தனிநபர் தன் பெயரில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்ன நுணுக்கம். மாதத்தின் 5ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 6ஆம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி போய்விடும். வருடத் தொகையை ஏப்ரல் 5க்குள் கட்டிவிடுபவருக்குப் பன்னிரண்டு மாத வட்டியும் கிடைக்கும். நாளொன்றுக்கு 165 ரூபாய் தனி உண்டியலில் போட்டுவந்தால் வருடத்தில் சுமார் 60,000 ரூபாய் சேரும். அதை ஒவ்வொரு ஏப்ரலும் 5ஆம் தேதிக்குள் கட்டிவந்தால், இன்றைய 7.1 சதவிகிதமே நீடித்தால், 15 வருடத்தில் ஏறத்தாழ 16.27 லட்சம் ரூபாய். போட்டது 9 லட்சம். மிச்சமெல்லாம் வரியில்லாத வட்டி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எந்த முனையில் வரி கட்டுவது லாபம் என்ற கேள்விக்கு வருவோம். ஒருவர் 1 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறார். அது நான்கு மடங்காக வளரும் என்று வைத்துக்கொள்வோம். 7.1 சதவிகிதத்தில் இதற்கு ஏறத்தாழ இருபது வருடம் ஆகும்.

உள்ளேயும் வெளியேயும் வரி விகிதம் 20 சதவிகிதமே என்றால்: உள்ளே கழிவு பெற்று 1 லட்சம் முழுவதும் போட்டவருக்கு 4 லட்சம் ஆகும், 80,000 வரி போக 3,20,000 மிச்சம். உள்ளேயே 20,000 வரி கட்டிவிட்டு 80,000 போட்டவருக்கும் அது நான்கு மடங்காகி 3,20,000 மிச்சம். ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை.

ஆகவே வித்தியாசம் வருவது விகிதம் மாறும்போதுதான். இன்றைக்கு 30 சதவிகிதத்தில் இருந்து, ஓய்வுக்குப் பிறகு 5 சதவிகிதத்துக்கு இறங்குகிறவருக்குக் கழிவு லாபம்: 3,80,000 கிடைக்கும், உள்ளே வரி கட்டிய வகையில் 2,80,000தான். மாறாக, இன்றைக்கு வரியே வராத ஒருவர் எடுக்கும்போது வரி விழும் கணக்கில் போட்டால்? கழிவால் அவருக்கு இன்று எந்த லாபமும் இல்லை. எடுக்கிற வருடத்தில் 20 சதவிகிதப் படியில் இருந்தால் 80,000 ரூபாய் வீணாகப் போகும். வரியில்லாமல் எடுக்கும் கணக்கில் போட்டிருந்தால் 4 லட்சமும் அவருடையது.

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தக் கடைசிப் பிரிவில்தான் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நெல்லித்தோப்பில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வருட விற்பனை 90 லட்சம். 44ஏ.டி. பிரிவின்படி 8 சதவிகிதம் லாபமாகக் காட்டுகிறார்: 7,20,000 ரூபாய். வேறு வருமானம் இல்லை.

பழைய வரி முறையில், 80சி பிரிவில் 1,50,000 கழித்தால் மிச்சம் 5,70,000. வரி 26,500, செஸ் சேர்த்து 27,560 ரூபாய். புதிய வரி முறையில் எந்தக் கழிவும் இல்லை. ஆனால் 2025-26 நிதி ஆண்டில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு உள்ள தள்ளுபடியால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

வரி மிச்சமாகிறது என்பதற்காகவே இன்ஷூரன்ஸ் பாலிசியும் பத்திரமும் வாங்கும் மார்ச் மாத ஓட்டம் இவருக்கு இனித் தேவையில்லை. அதற்காக சேமிப்பையும் நிறுத்திவிடக் கூடாது. வரிக் கழிவு என்ற தூண்டுகோல் போய்விட்டதால் சேமிப்பே நின்றுவிட்ட கடைகள் பல. அங்கேதான் ஆபத்து. கழிவு தேவையில்லாதவருக்கு, எடுக்கும்போது வரி கேட்காத கணக்குதான் பொருத்தம்.

வியாபார வருமானம் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான முறை. பழைய முறை வேண்டுமென்றால் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். அப்படிப் போய்விட்டுப் புதிய முறைக்கு ஒருமுறை திரும்பினால், பிறகு வியாபார வருமானம் இருக்கும் வரை பழைய முறைக்கு மீண்டும் போக முடியாது. சம்பளக்காரர்கள் போல வருடா வருடம் மாற்றிக்கொள்ள நமக்கு வழியில்லை. ஆகவே ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

என்.பி.எஸ். எப்படி?

தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். 2009 மே 1 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இது பாதி முதல் வகை, பாதி இரண்டாம் வகை. 60 வயதில் சேர்ந்த தொகையில் 60 சதவிகிதம் வரை மொத்தமாக எடுப்பதற்கு 2019ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வரி விலக்கு தந்தது. பென்ஷனாக மாதாமாதம் வருவதோ அந்தந்த வருட வருமானமாகும். பங்குச் சந்தையிலும் ஒரு பகுதி போவதால் வளர்ச்சி கூடலாம், இறங்கவும் செய்யலாம். உயர்ந்த வரிப் படியில், பழைய முறையில் இருக்கும் மொத்த வியாபாரிக்கு இதன் கழிவு உதவும். வரியே வராத சில்லறை வியாபாரி முதலில் பி.பி.எஃப்.பை நிரப்பிவிட்டு இதைப் பார்க்கலாம். என்.பி.எஸ்.ஸிலிருந்து பி.பி.எஃப்.புக்கு நேரடியாக மாற்ற வழி இல்லை.

கடல் கடந்த உறவினர்களுக்கு

நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர்கள் கேட்கும் கேள்வியும் இதேதான்.

அமெரிக்காவில் 1974இல் வந்த ஐ.ஆர்.ஏ. கணக்கில் உள்ளே கழிவு, வெளியே வரி. 1997இல் நிறைவேறிய சட்டத்தால் 1998 முதல் ராத் ஐ.ஆர்.ஏ. வந்தது. டெலவேர் மாநில செனட்டர் வில்லியம் ராத் பெயரால் அழைக்கப்படும் இந்தக் கணக்கில் வரி கட்டிய பணம் உள்ளே போகும். விதிப்படி எடுத்தால் வரி இல்லை. பழைய கணக்கிலிருந்து ராத் கணக்குக்கு மாற்றவும் அங்கே வழி உண்டு. மாற்றுகிற தொகை அந்த வருட வருமானமாகும். அதற்கு வரி கட்டிவிட்டால் பிறகு விடுதலை. வருமானம் 1 லட்சம் டாலருக்கு மேல் உள்ளவர்கள் மாற்ற முடியாது என்ற தடை 2010இல் நீங்கியது. வேலை இல்லாத அல்லது சம்பளம் குறைந்த வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதே அங்கும் சாமர்த்தியம். நம் பெரியவர்கள் என்.எஸ்.எஸ்.ஸில் செய்ததும் அதைத்தான். ஊருக்கே திரும்பிவர நினைக்கும் பிள்ளைகள், இங்கு குடியிருப்பவராகும் முன் இந்திய வரி நிலையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரான்சில் உள்ள நம் சொல்தா குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 2019 அக்டோபர் முதல் பி.இ.ஆர். என்ற ஓய்வுக்காலக் கணக்கு இருக்கிறது. அதில் பணம் போடும்போதே, கழிவு வேண்டுமா வேண்டாமா என்று போடுபவரே தேர்ந்தெடுக்கலாம். கழிவு பெற்றால் பிற்பாடு மொத்தமாக எடுக்கும் அசலுக்கு வரி. கழிவு வேண்டாமென்றால் அசலுக்கு வரி இல்லை. வளர்ச்சிக்கு மட்டும் வரி. எந்த முனையில் கட்டுவது என்பதை அங்கே வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறார்கள்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. வீட்டில் 1987 தேசிய சேமிப்புத் திட்டப் பாஸ்புக் இருக்கிறதா என்று பாருங்கள். காலமான பெற்றோர் பெயரிலும் தேடுங்கள்.

2. இருந்தால் தாமதிக்காமல் எடுங்கள். வட்டி இல்லை, வரியும் இல்லை. அங்கே வைத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

3. எடுத்த பணத்தைக் கடைக் கணக்கில் கலக்காதீர்கள். பெரியவர்களுக்கு மூத்த குடிமக்கள் திட்டம், இளையவர்களுக்கு பி.பி.எஃப்.

4. உங்கள் இன்றைய வரி விகிதம் என்ன, ஓய்வுக்குப் பிறகு என்னவாக இருக்கும் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். இன்று பூஜ்யம் என்றால் கழிவுக்காகப் பணம் போடாதீர்கள். வெளியே வரும்போது வரி இல்லாத கணக்கில் போடுங்கள்.

5. பி.பி.எஃப். கணக்கு முதிர்ந்துவிட்டால் ஒரு வருடத்துக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுங்கள். கொடுக்காமல் விட்டால் புதிதாகப் பணம் போட முடியாது.

6. எல்லாக் கணக்குகளுக்கும் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

கடை நடக்கும் வரைதான் நமக்கு வருமானம். ஷட்டரை இறக்கிய பிறகும் அடுப்பு எரிய வேண்டும். இன்றைய கல்லாவிலிருந்து தினம் எடுத்து வைக்கும் 165 ரூபாய்க்கு அந்தச் சக்தி உண்டு. அலமாரியில் தூங்கும் பழைய பாஸ்புக்குக்கும் உண்டு. இந்த மாதத்திலேயே ஒரு நாள் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, பாஸ்புக்கோடு தபால் நிலையம் போய் வாருங்கள்.